இலுப்பைக்குள் ஒரு தோட்டா

காட்டில் போலீஸும் போராளிகளும் சுட்டுக்கொண்ட காலையில், இலுப்பை மரத்துக்குள் ஒரு தோட்டா புகுந்தது. மரம் அதை விதை என்று நினைத்துவிட்டது. பால் சுரந்து, பட்டையால் போர்த்தி, ஒவ்வொரு மழைக்கும் ஆசையாய்க் கேட்டது: "எப்போ கண்ணு முளைப்பே?"

ஏழாம் வருஷம், பூ உதிரும் நாளில், தோட்டாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான் விதை இல்லை, தாயி. உன் பின்னால ஒளிஞ்சிருந்தவனைக் கொல்ல வந்தவன்."

"அவனா? போலீஸோ போராளியோ, எனக்குத் தெரியாது. என் மேல சாய்ஞ்சு நடுங்கிட்டிருந்தான்."

"நல்லவேளை, நீ குறுக்கே நின்னே. பிழைச்சுக்கிட்டான்ல?"

மரம் வெகுநேரம் பூ உதிர்த்துக்கொண்டே நின்றது.

"உனக்கு அடுத்து வந்தது என் மேல படலை, கண்ணு."