இடிச்சா வேற, பிரிச்சா வேற

"தப்புன்னு ஒத்துக்கிட்டா என்னம்மா குறைஞ்சா போயிடுவே? இவ்வளவு திமிரு ஆகாது."

வெளியூரிலிருந்து பிராக்டிகல் பரீட்சை எடுக்க வந்த கோபால்சாமி சார் இப்படிக் கேட்டபோது, கம்ப்யூட்டர் லேபில் இருந்த எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. வீடு, கதவு; இரண்டுக்கும் என்ன உறவு?

புரோகிராமிங் பாடத்தில், ஒன்று அழியும்போது அதைச் சேர்ந்ததும் கூடவே அழிந்தால் கம்போசிஷன். அது தனியாகப் பிழைத்துக்கொண்டால் அக்ரிகேஷன். வீடும் கதவும் கம்போசிஷன் என்று கைடில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. முன்னால் போன இளவரசன் அதை அப்படியே ஒப்பித்துப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தான்.

நதியா மட்டும், "அக்ரிகேஷன் சார்" என்றாள்.

வீடே இடிந்த பிறகு கதவு எங்கே நிற்கும், அந்தரத்திலா என்று கேட்டார் கோபால்சாமி. பையன்கள் சிரித்தார்கள்.

"இடிச்சா போவும் சார். எங்க ஊர்ல வூட்ட இடிக்க மாட்டோம், பிரிப்போம்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"இல்ல சார்."

அமிர்திக்கு மேலே மலையில் அவள் ஊர். மூன்று வருஷம் முன்பு ஓடை கரையை அரித்துக்கொண்டு வாசல் வரை வந்தபோது, அவள் அப்பா சடையன் வீட்டைப் பிரித்து, கதவையும் மரச்சட்டங்களையும் தோளில் சுமந்துபோய் மேட்டில் வேறு வீடு கட்டினார். சின்ன வயதில் அவள் ஆணியால் கீறிய பெயர் அந்தக் கதவில் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"உங்க ஊர்க் கதையைக் கேட்க நான் வரலை. கைடில் இருக்கிறதைச் சொல்லு, பத்து போடறேன். இல்லேன்னா சைபர்."

சைபர் என்றால் பிராக்டிகலே ஃபெயில். பெங்களூரில் கிடைத்திருந்த வேலையும் அதோடு போச்சு. லேப் பொறுப்பாளர் ஆனந்தி மேடம் பின்னாலிருந்து, சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

நதியா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கைடு எழுதினவரு இடிச்சிருப்பாரு சார். எங்கப்பா பிரிச்சாரு. கண்ணால பாத்தத எப்படி இல்லன்னு சொல்றது? சைபரே போட்டுக்கங்க."

போட்டார். பேப்பர் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்திப் போட்டார்.

அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எங்கே நிற்கிறோம் என்பதையும் மறந்து கத்தினார்.

"யோவ் மேஸ்திரி, நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்? பழைய வூட்ட இடிக்கவா சொன்னேன்? எங்கப்பா வச்ச கதவுய்யா அது. புது வூட்டுக்கு வேணும், பாத்துப் பிரின்னு தானே சொன்னேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் லேபில் நிற்பது அவருக்கு நினைவு வந்தது. முன்பு சிரித்த பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நதியா நின்ற இடத்திலேயே நின்று அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபால்சாமி மெதுவாக உட்கார்ந்தார். மார்க் ஷீட்டை இழுத்தார்.

"அடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே, அந்தச் சைபருக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டார்.