ஊமைப்படம் பார்த்த பல்லி

பழைய தியேட்டரில் காலைக் காட்சியாக ஒரு ஊமைப்படம் ஓடியது. திரையில், காய்ச்சலில் கிடந்த குழந்தையின் தொட்டிலருகே ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதாள். திரையோரம் ஒட்டியிருந்த பல்லியும் சேர்ந்து அழுதது.

“அந்தம்மா செத்தே எத்தனையோ வருஷமாச்சு. நீ ஏன் அழற?” என்றது கீழே பாப்கார்ன் கொறித்த எலி.

“பிள்ளை பிழைக்குமான்னு கேக்கறாளே” என்ற பல்லி, மனசு கேட்காமல் ‘இச் இச்’ என்று சொல்லிவிட்டது.

பல்லி சொன்னால் எல்லோரும் செய்வதுபோல, திரையில் இருந்தவள் விரலை மடக்கித் தொட்டிலை மூன்று தரம் தட்டினாள். அந்தச் சத்தம் மட்டும் அரங்கெங்கும் கேட்டது.

“இனி வாயைத் திறக்காதே” என்றது எலி.

மறுநாள் அதே காட்சியில் பல்லி பேசாமல் இருந்தது. அவள் விரலை மடக்கியபடி பல்லியையே பார்த்துக் காத்திருந்தாள். படம் மேலே நகரவில்லை.