ஆறு மாசமாய்க் கேட்ட ஆட்டம்

“காரு ஆட்டத்துல இதுதாண்ணே ராஜா! மலைப்பாதை, கொட்டுற மழை, எதுக்க லாரி. மூணாவது வளைவுல மட்டும் பிரேக்க மிதிச்சீங்க, சோலி முடிஞ்சுச்சு!”

ஜெரோம் இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் ஒடித்துக் காட்டினான். எதிரே நின்ற கண்ணுசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் மஞ்சள் பையோடு, மேஜையில் கிடந்த கேம் டிஸ்க்கின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த செல்போன் கடையில் ஜெரோம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது, கவர் மாட்டுவது, மறுபடியும் கண்ணாடி ஒட்டுவது. ஒட்டி ஒட்டி அவனுக்கு மனசே மரத்துப் போயிருந்தது. மூலை அலமாரியில் டி.வி.யில் போட்டு விளையாடுகிற கேம் டிஸ்க்குகள் தூசி படிந்து கிடந்தன. அத்தனையையும் ஆடி முடித்தவன் அவன்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத்தான் நாதியில்லை.

இன்றைக்கு ஒரு மனுஷர் சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, “நல்ல ஆட்டமா ஒண்ணு சொல்லுங்க தம்பி” என்று கேட்டிருக்கிறார். விடுவானா?

“வீட்டுல எந்த மாடல் பெட்டிண்ணே வச்சிருக்கீங்க?”

“அதெல்லாம் தெரியல தம்பி. மகன் துபாய்க்குப் போறப்ப விட்டுட்டுப் போனது. இந்தா, இதுதான் அதுல ஓடும்.” மஞ்சள் பையிலிருந்து பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். கீறல் விழாத இடமே அதில் இல்லை.

“இந்தத் தேய்ப்புத் தேய்ச்சிருக்காங்களே!” ஜெரோமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆடுவது பேரனாகத்தான் இருக்கும், பலே கில்லாடிதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டான்.

“புதுசு வேணும்னு ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் பூ சீசன் முடியட்டும், அடுத்த வாரம் பாப்போம்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.”

“அதான் இப்ப வந்துட்டீங்கள்ல, விடுங்கண்ணே! இதப் பாருங்க. தபால்காரன் ஆட்டம். சைக்கிள்ல மலைக்கிராமத்துக்கெல்லாம் லெட்டர் குடுக்கணும். ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம ஆடுனேன். இல்லன்னா இது, தோட்டம் போடுறது. விதைக்கலாம், தண்ணி பாய்ச்சலாம், மாடுகூட வாங்கலாம்.”

“தோட்டம் வேணாம் தம்பி. நெசத்துலயே முப்பது வருசமா அந்த வேலைதான.”

ஜெரோம் விழித்தான். “முப்பது வருசமா? பேரனுக்கு இல்லையாண்ணே?”

“பேரனா? எம் பொண்டாட்டிக்கு, தம்பி.”

ஜெரோம் அசந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “அக்காவா? அக்காவா இம்புட்டு ஆடுறாங்க?”

“மத்தியானம் தோட்டத்துல இருந்து வந்ததும் உக்காந்துரும். வண்டி வளையறப்ப அதுவும் சேந்து சாயும். அடுப்புல வெஞ்சனம் கருகுனாலும் எந்திரிக்காது.” கண்ணுசாமி இதை ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைப் படிப்பது மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

ஜெரோமுக்கோ மூன்று வருஷத்துத் தூக்கம் கலைந்த மாதிரி இருந்தது. அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் பரப்பினான்.

“எத வேணா எடுத்துட்டுப் போங்கண்ணே. அக்காவுக்குப் புடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தாரேன்.”

“மாத்த முடியாது தம்பி. ஒண்ணுதான். அது மனசுக்குப் புடிச்சதாப் பாத்து நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்.”

ஜெரோம் பரப்பியதையெல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினான். ராஜா என்று புகழ்ந்த காரு ஆட்டத்தை எடுத்துப் பார்த்தான். அது அவனுக்குப் பிடித்தது, அவ்வளவுதான். தள்ளி வைத்தான். தபால்காரனையும் தள்ளி வைத்தான். பார்த்தேயிராத ஒரு பொம்பளை டி.வி. முன்னால் உட்கார்ந்து இடமும் வலமுமாகச் சாய்வதை நினைத்துக்கொண்டே கடைசி வரிசையிலிருந்து ஒன்றை உருவினான்.

“இது பஸ் ஓட்டுறதுண்ணே. பந்தயம் கெடையாது, தோக்குறதும் கெடையாது. நம்ம பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போகலாம். ரெண்டு பக்கமும் மரமா வரும், ஊரா வரும். ரோடு முடியவே முடியாது.”

“முடியாதா?”

“முடியாதுண்ணே. நானே ஓட்டிப் பாத்துட்டேன்.”

கண்ணுசாமி அட்டையை வாங்கி, அதிலிருந்த பஸ்ஸைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். “வளைவு இருக்கா?”

“நெறைய இருக்கு.”

“அப்ப இதையே குடுங்க.”

ஜெரோமுக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. மேஜைக்கு அடியிலிருந்து பளபளக்கும் சிவப்புக் காகிதத்தை எடுத்து உதறினான். “ஒரு நாளைக்கு அக்காவக் கடைக்குக் கூட்டிட்டு வாங்கண்ணே, நானும் அவுங்களும் மோதிப் பாப்போம். ஆமா, என்ன விசேஷம்? பொறந்த நாளா, கல்யாண நாளா?”

கண்ணுசாமி காகிதத்தை மெதுவாக ஒதுக்கிவிட்டு டிஸ்க்கை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்கு அதுக்குப் பதினாறாம் நாளு தம்பி, படையல்ல வைக்கணும்.”