மலையுச்சியில் ஒரு தேடல்

தம்பி படுத்திருக்கும் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக, ஆறு வயதுச் சிறுமி மலையுச்சியை எட்டியேவிட்டாள். அவள் உச்சியைத் தொட்டால் நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் அடிவாரத்தில் கைதட்டக் காத்திருந்தனர். அவளோ கல் கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

உடன் ஏறிய தந்தை மூச்சு வாங்கியபடியே கேட்டார்.

“எதைம்மா தொலைச்சே? ஆடிக்கிட்டிருந்த பல்லையா?”

“ஒண்ணும் தொலைக்கலைப்பா.”

“அப்போ வா, படம் எடுத்துக்கலாம்.”

“இருங்கப்பா, அந்தப் புதரையும் பார்த்துடறேன்.”

தந்தைக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது.

சற்று நேரத்தில் வெறுங்கையோடு திரும்பியவள், அவருடைய காலைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

“மலை ஏறினா தம்பி ஆஸ்பத்திரிக்குப் பணம் கிடைக்கும்னு சொன்னீங்களே! நமக்கு முன்னாடியே யாரோ வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா!”