மடங்காத விரல்

பூசணிப் பிஞ்சையும் சாமி முகட்டையும் விரல் நீட்டிக் காட்டக்கூடாது, காட்டினால் பிஞ்சு அழுகிவிடும், முகடு உதிர்ந்துவிடும் என்பது அந்த மலையின் நம்பிக்கை. விரலை மடக்கி முஷ்டியால்தான் காட்டுவார்கள். குவாரி வராமல் மலையைப் பூங்காவாக அறிவிக்கச் சொல்லி ஊர் ஊராக நடந்து ஆள் திரட்டிய சடைச்சியும் இப்போது முஷ்டியைத்தான் தூக்கினாள்.

"எந்த முகடும்மா?" என்றார் பூங்காவின் எல்லையைக் குறிக்க வந்து பாறைமேல் வரைபடத்தை விரித்திருந்த அதிகாரி.

"அந்தாண்ட இருக்குதுங்களே, அதாங்க."

"அந்தாண்ட நாலு முகடு தெரியுது. விரலால காட்டுங்க. எல்லை போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவள் முஷ்டியை இன்னும் உயர்த்தினாள். அவருடைய பென்சில் இந்தப் பக்கத்து மொட்டைக் குன்றோடு திரும்பத் தொடங்கியது. சாமி முகடு கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. குவாரி முதலாளி பென்சிலையே பார்த்தபடி நின்றார்.

சடைச்சியின் ஆள்காட்டி விரல் மெல்லப் பிரிந்தது.

"வேணாங்க்கா," என்று அவள் முழங்கையைப் பிடித்தான் கூட வந்த அண்டியப்பன்.

"நீ கண்ண மூடிக்கடா."

விரல் நேராக நீண்டது. வந்திருந்த சனம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. அதிகாரி பழைய கோட்டை அழித்து, முகட்டை உள்ளே வைத்து வளைத்தார்.

"முடிஞ்சுதும்மா, கைய இறக்குங்க."

அவளால் இறக்க முடியவில்லை. முகட்டுப் பக்கம் ஒரு கல் உருண்டு இறங்கும் சத்தம் கேட்டது. குவாரி முதலாளி மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.