மூன்றாம் நடைமேடை

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த அந்த ஊர் வளர்வதற்கு மேற்கே மட்டும்தான் இடமிருந்தது. அங்கிருந்த நெல்வயல்களை நகராட்சி எடுத்துப் புதிய பேருந்து நிலையம் கட்டியது. ஒச்சம்மாளின் வயலும் அதில் போனது. காய்ச்சலில் இறந்துபோன ஆறு வயது மகளை அந்த வயலின் ஓரத்தில்தான் அவள் புதைத்திருந்தாள். அளக்க வந்தவர்களிடம் அந்த மூலையை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினாள். வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் ஒச்சம்மாள் வந்தாள். வயலின் மூலைக்கு அடையாளமாக வைத்திருந்த இரண்டு மலை முகடுகளையும் மாறி மாறிப் பார்த்து, ஓரோர் அடியாக நகர்ந்து, மூன்றாம் நடைமேடைக்கு முன்னால் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே வந்த பேருந்து அவளுக்கு முன்னால் ஹாரன் அடித்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"வண்டி நிக்கிற எடத்துல உக்காந்திருக்கியே ஆத்தா, எந்த ஊருக்குப் போகணும்?"

"எங்கயும் போகலப்பா. எம்மக இங்கனக்குள்ளதான் படுத்திருக்கா."

ஓட்டுநர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு ஏறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து வேறு பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மூன்றாம் நடைமேடை வண்டி இல்லாமல் காலியாக இருப்பதைப் பார்த்து அடுத்த பேருந்து உள்ளே திரும்பியது.