சத்தம் போடாத டிஸ்க்

“மேல இருக்கிற தூசியை மட்டும் துடைச்சிடாதீங்கண்ணா.”

துணியை எடுத்த மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. கடைக்கு எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் துடைத்துவிட்டுத்தான் திறப்பார். வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான்.

“யாரோடதும்மா இது?”

“என்னோடதுதான், கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. பீரோ மேல கிடக்கும். அவர் இருக்கும்போது இதைத் தொட விட்டதே இல்லை.”

மெக்கானிக் உச்சுக் கொட்டினார். பாவம், சின்ன வயது. புருஷன் இருந்த காலத்துத் தூசியைக்கூடத் துடைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

லேப்டாப்பை ஆன் செய்தார். உள்ளே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கர்ர்ரென்று அரைக்க ஆரம்பித்தது. அவள் பதறிப்போய் இரண்டு கையாலும் அதைப் பொத்தினாள்.

“இந்தச் சத்தம்தாண்ணா. ராத்திரி இதைத் திறந்தாப் போதும், அவர் பின்னாடி வந்து நின்னுடறார்.”

மெக்கானிக்குக் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. ஊரில் உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர்தான், ஆனால் பேய் என்ற பேச்சை எடுத்தால் பட்டப்பகலிலேயே எழுந்து போய்விடுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘தைரியசாலி’.

“வந்து... ஏதாவது சொல்வாரா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் மூடி வைக்கிற வரைக்கும் பார்த்துட்டே நிப்பார்.”

“அப்போ எதுக்கும்மா ராத்திரி திறக்கணும்? பகல்ல திறங்களேன்.”

“பகல்ல எங்க வீட்ல நெட் இருக்காது. ராத்திரிதான் வரும்.”

நெட்டும் அவரும் சேர்ந்தே வருகிற வீட்டைத் தைரியசாலி இதுவரை கேள்விப்பட்டதில்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

“ஒரு கோர்ஸ் படிக்கிறேண்ணா. கடைசிப் பரீட்சை ஒண்ணுதான் பாக்கி. பாஸ் பண்ணிட்டா வெளியூர்ல வேலை, தங்க இடமும் அவங்களே தர்றாங்க. இதை விட்டா எனக்கு வேற வழியே கிடையாது.” சொல்லும்போதே அவள் கண் கடை வாசலுக்கு ஓடி ஓடி வந்தது.

அவருக்கு மனசு இளகிவிட்டது. பயத்தை ஓரமாக வைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. பெட்டிகளை எடுத்து மேஜையில் பரப்பினார்.

“குச்சி மாதிரி இருக்கே, அது புது மாடலுக்குத்தான். உங்களுக்கு இந்தச் சீட்டுக்கட்டு சைஸ்தான் பொருந்தும். அதுல நிறைய கொள்ளுறது போடவா, சின்னது போதுமா?”

“எது சத்தம் போடாது?”

“எல்லாமே மூச்சு விடாதும்மா. உள்ள சுத்துற தட்டே கிடையாது. திறந்த உடனே வந்துடும், மூடின உடனே தூங்கிடும்.”

“முன்னாடி மினுக்குற லைட்டு?”

“கறுப்பு டேப் ஒட்டிடறேன்.”

“உள்பக்கமா ஒட்டுங்கண்ணா. வெளிய எதுவும் மாறின மாதிரியே தெரியக் கூடாது.”

அவர் சின்னதையே எடுத்தார். பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அப்படியே புதியதில் ஏற்றி, மூடியின் தூசியில் கை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்திலேயே முடுக்கினார். பொத்தானை அழுத்தியதும் சின்னச் சத்தம்கூட இல்லாமல் திரை பளிச்சென்று வந்தது. அவள் காதை வைத்துக் கேட்டாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது.

“ஏம்மா, பேசாம வீட்டை மாத்திடலாமே?”

“ரெண்டு வீடு மாத்தியாச்சுண்ணா. எங்க போனாலும் கூடவே வர்றார்.”

தைரியசாலி ஒரு தடவை தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி பையில் வைத்துக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த பட்டன் போன் ஒரே ஒரு ரிங் அடித்து ஓய்ந்தது.

அவள் நம்பரைப் பார்த்தாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

மனசு கேட்காமல் அவர் பின்னாலேயே போனார். “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா... அவர் இறந்து எவ்வளவு நாளாச்சு?”

அவள் படியில் நின்று திரும்பினாள்.

“இறந்தாரா? இப்பத்தாண்ணா ஆபீஸ்லேருந்து கிளம்பறார்.”